சந்தனமாரி கொடுத்த இரவல்

நுரைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை ஹெப்சிபா மூன்று முறை போட்டுக்கொண்டாள். மூன்று முறையும் கை வலித்தது, உடம்பு லேசாகச் சுட்டது, ரத்தத்தில் மட்டும் ஒன்றும் உருவாகவில்லை.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். கல்லூரியின் கடைசி வருடத்தில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. அம்மா எமிமாள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். வந்த சிறுநீரகத்தை அந்நியம் என்று உடம்பு விரட்டிவிடக் கூடாது. அதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தினமும் மாத்திரை கொடுத்து அரைத்தூக்கத்திலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அரைத்தூக்கத்தில் இருக்கும் உடம்புக்கு எந்தப் பாடமும் ஏறாது.

நுரைக்காய்ச்சல் ஐப்பசி மழையோடு வரும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் உருவை மாற்றிக்கொண்டு வரும். மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஊசி, அதற்கு மேல் வந்தால் ஒரு வாரச் சளி. ஹெப்சிபா மாதிரி ஆட்களுக்கு நுரையீரல் நிரம்பிவிடும். உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைகள் என்று நாட்டில் அப்படிப் பல லட்சம் பேர். மழைக்காலம் முழுக்க அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். பேருந்து கிடையாது, கல்யாணம் கிடையாது, கோயில் கிடையாது. ஹெப்சிபா பாளையங்கோட்டைப் பெண். சென்னைக்கு வந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் ஊருக்குப் போனதில்லை.

அவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வியும் இதிலிருந்து வந்ததுதான். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி எல்லோருக்கும் ஒரே சேதியைத்தான் கொண்டுபோகிறது. ஒருவர் உடம்பு அதை நன்றாகப் படிக்கிறது, இன்னொருவர் உடம்பு படிக்காமலே விடுகிறது. ஏன்?

அதைத் தெரிந்துகொள்ள, நன்றாகப் படிக்கிற உடம்புகளைப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வருவார்கள். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சில் மெல்லிய ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் செல்களை எடுப்பார்கள். பெரிய வலியில்லை, ஆனால் கூச்சமும் எரிச்சலும் உண்டு. பலர் இரண்டாம் தடவைக்கு மேல் வரவில்லை. சந்தனமாரி மட்டும் கூப்பிட்டபோதெல்லாம் வந்தாள்.

சந்தனமாரி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். தூத்துக்குடிக்காரி, கல்யாணமாகி வந்து வேளச்சேரியில் இருபது வருடமாக இருக்கிறாள். தினமும் யாராவது ஒரு பெண்ணின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று வேலை செய்கிறவள் என்பதால்தான் இந்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"கையிலதானே மருந்தைப் போட்டீங்க. அக்குள்ல எதுக்குப் பிள்ள குத்துதீங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"கையில போட்டது வெறும் சேதிக்கா" என்றாள் ஹெப்சிபா. "அந்தச் சேதியைப் படிச்சு, வைரஸோட மேல்பாகத்துல ஒரு துண்டை உங்க உடம்பே செஞ்சு பார்க்கும். செஞ்சது இந்த முடிச்சுக்கு வரும். இங்கதான் ஒத்திகை நடக்குது. அதைப் பிடிக்கிறதுக்கு ஏகப்பட்ட செல்லு போட்டி போடும். நல்லாப் பிடிச்சது நிக்கும், மத்தது போயிரும். நின்னதும் சும்மா இருக்காது. தன்னைக் கொஞ்சம் திருத்திக்கிட்டு மறுபடியும் போட்டிக்கு வரும்."

"புருவம் வரையுத மாதிரி" என்றாள் சந்தனமாரி. "அழிச்சு அழிச்சுப் போட்டாத்தான் அமையும்."

பிறகு ஹெப்சிபாவின் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்தது கண்ணும் கன்னத்தின் மேட்டுப்பகுதியும்தான்.

"ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுதியோ?"

"எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்க்கிறதுதானே என் பொழப்பு. இப்படி உப்பின கன்னத்தோட ரெண்டு பொண்ணுங்க என்கிட்ட வந்திருக்கு. என்ன உடம்புக்கு?"

"கிட்னி மாத்தியிருக்குக்கா. அம்மா குடுத்தாங்க."

"பெத்த அம்மைக்கு நீ என்ன செஞ்ச?"

ஹெப்சிபா யோசித்தாள். "ஒருதடவை தேங்க்ஸ் சொன்னேன். போடி அங்கிட்டுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சந்தனமாரி சிரித்தாள். அன்றிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழமோ தூத்துக்குடி முந்திரி மக்ரூன் ஒரு பொட்டலமோ அவள் கையில் இருக்கும். ஹெப்சிபா மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "அறைக்குக் கொண்டுபோய்த் தனியா இருந்து தின்னு" என்று கொடுத்துவிட்டுப் போவாள்.

மற்றவர்களின் நிணநீர் முடிச்சில் ஒத்திகை ஓரிரு மாதத்தில் அடங்கிவிட்டது. சந்தனமாரிக்கு அடங்கவில்லை. ஊசி போட்டு ஒரு வருடம் கழிந்தும் அவள் அக்குளுக்குள் போட்டி நடந்துகொண்டே இருந்தது. அங்கே திருந்தித் திருந்திக் கடைசியில் நின்ற ஒரு எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதுவரை வந்த நுரைக்காய்ச்சல் வைரஸ் வகை ஒவ்வொன்றின் முன்னும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று விடாமல் அத்தனையையும் அது பிடித்தது.

ஹெப்சிபாவின் வழிகாட்டி பேராசிரியர் மெஹருன்னிசா அந்த முடிவுகளை நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தார். எளிதில் பாராட்டாத மனுஷி அவர்.

"இத்தனை நாளா நாம என்ன செஞ்சுக்கிட்டிருந்தோம்? வைரஸோட துண்டை அனுப்பி, பார்த்துப் படிச்சுக்கோன்னு சொன்னோம்" என்றார். "படிக்க முடியாத உடம்புக்குப் பாடத்தை அனுப்பி என்ன பிரயோஜனம்? விடையையே அனுப்பிருவோம். இந்தப் புரதத்தோட செய்முறையை எம்.ஆர்.என்.ஏ.வா எழுதிப் போடுவோம். அவங்க உடம்பு யோசிக்க வேண்டாம், சொன்னதைச் செஞ்சு குடுத்தாப் போதும். ஒரு மழைக்காலம் தாங்கும்."

ஆய்வகத்தில் அதற்கு இரவல் ஊசி என்று பெயர் வைத்தவன் திலகன். ஹெப்சிபாவுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்த ஆராய்ச்சி மாணவன் அவன். வைரஸை உயிரோடு வைத்துச் செய்யும் வேலைகளை அவன்தான் பார்த்தான். ஹெப்சிபாவை அந்த வேலை நடக்கும் கட்டடத்துக்குள் யாரும் விடமாட்டார்கள். முதலில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் போகிறவர்களின் வரிசையில் அவளும் இருந்தாள். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணி, "அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் வருவேன்" என்று மட்டும் சொன்னாள். எந்த ரயிலுக்கு என்று எமிமாள் உடனே கேட்டாள்.

சிக்கலைக் கண்டுபிடித்ததும் ஹெப்சிபாதான்.

இந்தப் புரதத்தோடு நுரைக்காய்ச்சல் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்தால் என்னவாகும் என்று திலகன் பார்த்துக்கொண்டிருந்தான். பல தலைமுறை கழித்து வைரஸ் ஒரு சின்ன இடத்தை மாற்றிக்கொண்டு தப்பியது. எதிர்பார்த்ததுதான். ஹெப்சிபாவுக்கு மட்டும் ஒரு கேள்வி வந்தது. தப்பிய வைரஸின் புரதத்தை வாங்கி, தன்னார்வலர்கள் எல்லோருடைய ரத்தத்தோடும் சேர்த்துப் பார்த்தாள். மற்றவர்களின் ரத்தத்தில் பலவிதமான எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று பிடித்தது. சந்தனமாரியின் ரத்தம் அந்தப் புது வகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் உடம்பு இருந்த சக்தியையெல்லாம் அந்த ஒன்றிலேயே கொட்டியிருந்தது. புது ஊசி போட்டுப் புதிதாகப் படிக்க வைக்கவும் வழியில்லை. முந்தின வருடம் வைரஸின் புது உருவுக்கு ஏற்ப மாற்றிப் போட்ட ஊசிக்கும் அவள் உடம்பு பழைய புரதத்தைத்தான் மறுபடியும் செய்திருந்தது.

"அவங்களோடதை லட்சம் பேருக்குப் போட்டா, வைரஸ் லட்சம் பேர் உடம்புல அந்த ஒண்ணைத் தாண்டக் கத்துக்கும் மேடம்" என்றாள் பேராசிரியரிடம். "அப்படித் தாண்டிருச்சுன்னா மத்தவங்க சமாளிச்சுருவாங்க. சந்தனமாரி அக்காவுக்குக் கையில வேற எதுவும் இல்ல. இன்னைக்கு இந்த ஊர்லயே பத்திரமான ஆள் அவங்க. நாம செய்யப்போறது அதைத் தலைகீழாக்கிரும்."

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம்."

"நடக்கலாம்ங்கிறதை அவங்ககிட்ட சொல்லணும்."

"செல்களை எப்படி வேணும்னாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்னு அவங்க முதல்லயே சம்மதம் குடுத்துட்டாங்க. சட்டப்படி நாம கேட்க வேண்டியதில்ல." பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ போய்ச் சொல்லி, அவங்க முடியாதுன்னுட்டா? புற்றுநோய் வார்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? உனக்கே என்ன பதில் சொல்றது?"

"அவங்க சம்மதம் குடுத்தப்போ இது நமக்கே தெரியாதே மேடம்."

மறுவாரம் நெறிமுறைக் குழுவின் கூட்டத்தைக் கூட்டச் சொல்லிப் பேராசிரியரே எழுதினார். கூட்டத்தில் ஹெப்சிபாவைவிடப் பிடிவாதமாகப் பேசினார். சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று முடிவானது. என்னென்ன நடக்கக்கூடும் என்பதை எளிய தமிழில் எழுதும் வேலை ஹெப்சிபாவிடம் வந்தது.

ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் ஒரு புங்கமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. ஹெப்சிபா மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவதெல்லாம் அங்கேதான். சந்தனமாரி முகூர்த்த வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். விரல் நுனியில் இன்னும் குங்குமச் சிவப்பு இருந்தது. எழுதி வைத்திருந்ததை ஹெப்சிபா ஒரு வரி விடாமல் படித்தாள். சந்தனமாரி குறுக்கே பேசவில்லை.

"என்கிட்ட இருக்கிறதை எடுத்து ஊருக்கெல்லாம் குடுப்பீங்க. அது தேஞ்சு போனா நான் வெறுங்கையோட நிப்பேன். அப்படித்தானே சொல்லுத?"

"அப்படி ஆகலாம்க்கா."

"குடுக்கலைன்னா?"

"நீங்க பத்திரமா இருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சு ரொம்ப வருஷத்துக்கு."

"இந்த ஊசி யாருக்கெல்லாம் போடுவீங்க?"

"என்னை மாதிரி ஆளுங்களுக்கு. அதையும் சொல்லிடறேன். முதல் வரிசையில நானும் இருக்கேன். நான் உங்ககிட்ட வந்து கேக்கிறதே சரியில்லதான். வேற யாரையாவது அனுப்பச் சொல்லலாம். ஆனா நான்தானே உங்களைக் குத்தினது, நானே சொல்லணும்னு நினைச்சேன்."

சந்தனமாரி எழுந்துகொண்டாள். முகம் இறுகியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இத்தனை நாள் அக்கா அக்கான்னு கூப்பிட்டது இதுக்குத்தானா?"

அவள் போன பிறகும் ஹெப்சிபா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா என்று கூப்பிட்டதில் கணக்கு எதுவும் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

அந்த மாதம் முழுக்கச் சந்தனமாரி வரவில்லை. யாரும் போன் பண்ணிக் கேட்கக் கூடாது என்பது குழுவின் கட்டளை. வேறொருவரின் செல்லில் இதுபோல ஒன்று கிடைக்குமா என்று ஹெப்சிபா பழைய மாதிரிகளையெல்லாம் மறுபடியும் அலசினாள். கிடைக்கவில்லை.

ஒருநாள் காலையில் புங்கமரத்தடியில் சந்தனமாரி உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னார். ஹெப்சிபா போனபோது அவள் பையிலிருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"உன்மேல கோவம்தான். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். வேண்டாம்னாரு. அவரு சொன்னதுல தப்பில்ல. நானும் வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றாள். "ஆனா நீ சொல்லாமலே எடுத்திருக்கலாம். எனக்கு எங்க தெரியப்போவுது? அதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. கேட்டியே. கேட்டுட்டு, முடியாதுன்னாலும் சரின்னு உக்காந்திருந்தியே. சம்மதிக்கலைன்னா ஒவ்வொரு மழைக்கும் டி.வி.யில சாவுக்கணக்கு வரும்போது நான் சேனலை மாத்திக்கிட்டே இருக்கணும். அது என்னால முடியாது."

ஹெப்சிபா மக்ரூன் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் புதுசு வந்தா எனக்கு முதல்ல தெரியணும். ஆபீஸ் ஆள் மெசேஜ் அனுப்பக் கூடாது. நீ சொல்லணும், உன் வாயால."

"சொல்றேன்க்கா."

அந்த ஐப்பசியில் இரவல் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஹெப்சிபாவும் போட்டுக்கொண்டாள். தானே ஊசி போட்டுக்கொள்கிறவள் அதன் முடிவுகளைப் பார்க்கக் கூடாது என்பதால், அந்தப் பகுதியைத் திலகன் எடுத்துக்கொண்டான். அவனுக்கும் பெயர்கள் தெரியாது, எண்கள் மட்டும்தான். ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாரும் அந்த மழைக்காலத்தில் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போகவில்லை.

மார்கழியில் ஹெப்சிபா நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினாள். எதிர் இருக்கையில் ஒருவர் வழியெல்லாம் இருமிக்கொண்டு வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. அவர் எலுமிச்சம்பழச் சோறு நீட்டியபோது வாங்கிச் சாப்பிட்டாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடகர் குழுவில் பழைய இடத்தில் நின்று பாடினாள். கோயில் நிரம்பி வழிந்தது, தோளோடு தோள் இடித்தது, யாரோ ஒரு குழந்தை அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் எமிமாள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து திரும்பியதும் ஹெப்சிபாவுக்கு இரண்டு நாள் சளி பிடித்தது. சாதாரணமாக எல்லோருக்கும் பிடிப்பதுபோல வந்தது, போனது. மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் சந்தனமாரிக்குப் போன் பண்ணினாள்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்குக்கா. வெறும் சளி."

"இதுக்குப் போயா போன் பண்ணுத? கிறுக்குப் பிள்ள" என்றாள் சந்தனமாரி. குரலில் சந்தோஷம் இருந்தது.

அடுத்த மழையும் அப்படியே கழிந்தது. அதற்கடுத்த மழைக்கு முன்னால், நகரத்தின் சாக்கடை நீரில் அந்தப் புது வகை தென்பட்டது. திலகனின் கண்ணாடிக் குடுவையில் இரண்டு வருடத்துக்கும் முன்னால் தப்பித்த அதே இடம், அதே மாற்றம். முடிவு வந்த அரைமணி நேரத்தில் ஹெப்சிபா வேளச்சேரிக்கு ஆட்டோவில் போய்ச் சந்தனமாரியின் வாசலில் நின்றாள்.

"வந்திருச்சுக்கா."

சந்தனமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சரி" என்றாள். "நீயும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்க. உனக்கும் இனிமே அது உதவாதுல்லா?"

"உதவாதுக்கா."

இருவரும் அவரவர் வீட்டில் அடைந்துகொண்டார்கள். எடுத்த கல்யாணங்களையெல்லாம் சந்தனமாரி வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டாள். ஆனால் வீட்டுக்காரர் ஜெகதீசனுக்கு வாடகைக் கார் ஓட்டும் வேலை. அவருக்கு லேசான சளியாக வந்தது. அவளுக்கு நாலே நாளில் நெஞ்சு நிரம்பிவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஹெப்சிபாவை விடவில்லை. ஜெகதீசன் தினமும் போன் பண்ணுவார். திட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "ஆக்ஸிஜன் இன்னைக்கும் கூட்டியிருக்காங்கம்மா" என்பார். "முழிச்சிருக்கிறப்போ, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையேன்னு கேட்டா." போனை வைத்த பிறகு ஹெப்சிபா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெபம் பண்ணினாலும் வார்த்தை வரவில்லை, சந்தனமாரியின் பெயர் மட்டும்தான் வந்தது.

அப்போதுதான் பேராசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. மெஹருன்னிசா வேகமாகப் பேசுகிறவர். அன்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"திலகன் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான். இரவல் ஊசி போட்டவங்க ரத்தத்தைப் புது வகையோட வச்சுப் பார்த்திருக்கான். ஒண்ணும் பிடிக்காதுன்னுதான் நினைச்சோம். ஏழு பேரோட ரத்தம் பிடிக்குது."

"எப்படி மேடம்? எங்க உடம்புதான் எதையும் படிக்காதே."

"தானாப் படிக்காது. ஆனா அந்த ரெண்டு மழையில வைரஸ் அவங்க உடம்புக்குள்ள வந்திருக்கு. அந்தம்மாவோட புரதம் அதைப் பிடிச்சிருக்கு. பிடிச்சதோட விடல. நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், அரைத்தூக்கத்துல இருந்த செல்லுக்கு முன்னால நகராம வச்சிருக்கு. நாம ஊசி மூலமாக் காட்டினப்போ கண்ணைத் திறக்காத செல்லு, அவங்க புரதம் பிடிச்சுக் காட்டினப்போ பார்த்திருக்கு. மெதுவா, ரொம்ப மெதுவா அதுவும் ஒத்திகை பார்த்திருக்கு. ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக் கத்துக்கிட்டிருக்காங்க. ஏழையும் கலந்து குடுத்தா வைரஸ் ஒரேயடியா எல்லாத்தையும் தாண்ட முடியாது. அவசர அனுமதி வாங்கியாச்சு. அந்த ஏழு பேர்கிட்டயும் சம்மதம் கேட்கணும், அதுதான் பாக்கி."

அன்று மத்தியானம் ஹெப்சிபாவுக்கு இன்னொரு போன் வந்தது. நெறிமுறைக் குழுவின் அலுவலர், அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு பெண். இரவல் ஊசிப் பரிசோதனையில் பங்கெடுத்த இன்ன எண்ணுக்கு உரியவர் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். உங்கள் செல்களிலிருந்து கிடைத்த ஒரு புரதத்தை மற்றவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறோம், அதற்கு முன் சில விஷயங்களைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். பிறகு படிக்க ஆரம்பித்தார்.

"உங்களுடைய பாதுகாப்பைப் பலருக்குக் கொடுக்கும்போது, நோய்க்கிருமி அதைத் தாண்டிச் செல்லக் கற்றுக்கொள்ளலாம். அப்படி நடந்தால் பிற்காலத்தில் உங்களுக்கே அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம்..."

சந்தனமாரிக்காக ஹெப்சிபாவே எழுதிய வரிகள். முதல் வரியிலேயே சரி என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. குங்குமம் ஒட்டிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டவளை நினைத்துக்கொண்டு, அவளும் கடைசிவரை கேட்டாள். அலுவலர் முடித்ததும், "சம்மதம்" என்றாள்.

"யோசிக்க நேரம் எடுத்துக்கலாம் மேடம்."

"யோசிச்சாச்சு. தயவுசெஞ்சு சீக்கிரம் செய்யுங்க."

ஏழு பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. யார் யாரென்று யாருக்கும் சொல்லப்படவில்லை. கலவை தயாராகி, முதல் ஊசி சந்தனமாரிக்குத்தான் போனது. போட்ட மறுநாளும் ஆக்ஸிஜனைக் கூட்டித்தான் வைத்தார்கள். அதற்கு மறுநாள் கூட்டவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒருநாள் ஜெகதீசன் போன் பண்ணி, "கஞ்சி கேட்டா. உப்புப் பத்தலைன்னு நர்ஸ்கிட்ட சண்டை போடுதா" என்றார். ஹெப்சிபா போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மற்ற நோயாளிகளுக்கும் அந்தக் கலவை கிடைத்துவிட்டது.

கோடையில் ஹெப்சிபாவின் வைவா நடந்தது. முனைவர் பட்டத்துக்கான அந்தக் கடைசி வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கக்கூடியது. அரங்கில் மாணவர்கள், திலகன், பாளையங்கோட்டையிலிருந்து வந்த எமிமாள். பின்வரிசையில் சந்தனமாரி. உடம்பு பாதியாக இளைத்திருந்தது, ஆனால் பட்டுப்புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. படியேறி வந்த மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது. ஹெப்சிபா அத்தனை படங்களையும் காட்டி முடித்தாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தார். சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று பேராசிரியர் மெஹருன்னிசா வழக்கப்படி கேட்டார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை.

சந்தனமாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும். இப்ப என் உடம்புல இருக்கிறது ஏழு பேரு குடுத்ததுன்னு சொன்னாங்க. பேரு ஊரு கேக்கக் கூடாதாம், கேக்கல. அவங்க நல்லா இருக்காங்களா? அதை மட்டும் சொன்னாப் போதும்."

ஹெப்சிபா பேராசிரியரைப் பார்த்தாள். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. தன்னைப் பற்றிச் சொல்ல யாரும் தடை போட்டதில்லை. மெஹருன்னிசா கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"ஆறு பேர் யாருன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் ஹெப்சிபா. "ஏழாவது ஆள் நல்லா இருக்கா. ரயில்ல போறா, கூட்டத்துல நின்னு பாடுறா, சளி பிடிச்சா மூக்கைச் சிந்துறா. எல்லாம் நீங்க குடுத்ததுக்குப் பிறகுதான். அவ கத்துக்கிட்டது உங்ககிட்ட இருந்துதான். அதைத்தான் உங்களுக்குத் திருப்பிக் குடுத்தா."

சந்தனமாரி அவள் முகத்தையே பார்த்தாள். முதல் நாள் பார்த்த அதே மாதிரி, நிதானமாக, இப்போது முகக்கவசம் இல்லாமல் நெற்றியிலிருந்து தாடைவரை. புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்படியா" என்றாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள், மை கலையாமல். "காலையில அவ ஒண்ணும் சாப்பிடல போல. முகம் வாடிக் கெடக்கு. இது முடிஞ்சதும் முதல்ல சாப்பிடச் சொல்லு."

மாணவர்கள் ஏனென்று தெரியாமல் சிரித்தார்கள். முன்வரிசையில் எமிமாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, பின்வரிசைக்குப் போய்ச் சந்தனமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.